வேதமும் வியாக்கியானமும்

கிறிஸ்தவர்களுடைய பைபிளில் இந்தக் காலத்து அறிவுக்கும் நியாயத்துக்கும் ஒத்துவராத வாக்கியங்கள் பல இருக்கின்றன. அவைகளுக்குக் காலத்திற்கேற்றபடி புது அர்த்தம் செய்துகொள்ளலாமா, கூடாதா என்பது கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளேயே பலமாக விவாதிக்கப்பட்டு வருகின்ற விஷயமாகும். "கடவுள் வாக்கை மனிதன் திருத்துவதா?" என்கிறார் ஒருவர். "வாக்கைத் திருத்தவில்லை, அதன் உண்மைப் பொருளை இப்போதுதான் கண்டுபிடித்தோம்" என்கிறார் மற்றொருவர். இருவரையும் கேட்டுக்கொண்டிருக்கின்ற சாதாரண மனிதன் நம்மிடம் வந்து, "உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்கின்றான்.

"உங்களுக்கு இதில் என்ன வேலை? இந்து மதத்தின் ஊழலே மலைபோல் கிடக்கும்போது அடுத்த வீட்டுக் குப்பையை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று சிலர் சொல்லக்கூடும். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ரோமாபுரியிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து குடியேறியவர்கள் அல்ல. நம் அண்ணன் தம்பிகள், அக்காள் தங்கைகளே ஆவார்கள். இங்குள்ள ஜாதிக் கொடுமை தாங்க முடியாமல், "எங்கேயாவது மனிதனாக மதிக்கப்படுவோமா" என்று போனவர்களின் பிள்ளைகளே அவர்களில் பெரும்பாலோர். ஆகவே அவர்களுடைய கவலை நமக்கும் கவலைதான். மேலும், மதம் என்று வருகின்றபோது நாம் ஆளைப் பார்த்து நியாயம் பேசுகிறவர்கள் அல்ல.

விஷயத்தைத் தொலைதூரத்தில் தேட வேண்டியதில்லை. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் நின்றுகொண்டு பார்த்தாலே போதும். வடக்கே கொஞ்ச தூரத்தில் சாந்தோம் கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. வடமேற்கே இன்னும் கொஞ்சம் போனால் கதீட்ரல் ரோட்டில் தென்னிந்தியத் திருச்சபையின் செயின்ட் ஜார்ஜ் கோயில் இருக்கிறது. 1947-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு முதலிய சபைகள் ஒன்றாகக் கூடித் தென்னிந்தியத் திருச்சபை என்று ஆனது அந்தக் கட்டடத்திலேதான். இரண்டு கோயில்களிலும் வாசிக்கப்படுவது ஒரே பவுலின் நிருபங்களே. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 14-ஆம் அதிகாரத்தில், சபையிலே பெண்கள் வாய் திறக்கக்கூடாது, சந்தேகம் இருந்தால் வீட்டில் புருஷனைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் 2-ஆம் அதிகாரத்தில், பெண் உபதேசம் செய்யக்கூடாது, ஆண்மேல் அதிகாரம் செலுத்தக்கூடாது என்றும், அதற்குக் காரணம் ஆதாம் முதலில் உண்டாக்கப்பட்டான், ஏவாள் ஏமாந்துபோனாள் என்றும் எழுதியிருக்கிறது.

இப்படி எழுதியிருந்தும், தென்னிந்தியத் திருச்சபை 1970-களிலிருந்து பெண்களைக் குருக்களாக ஏற்றுக்கொண்டு வருகிறது. 2013-ஆம் வருஷத்தில் நந்தியால் அத்தியட்சாதீனத்துக்கு புஷ்பலலிதா என்ற அம்மையாரைப் பிஷப்பாகவே ஆக்கியது. சாந்தோமிலோ இன்றுவரை ஒரு பெண் பூசை செய்ய முடியாது. ஏசு தெரிந்தெடுத்த பன்னிரண்டு பேரும் ஆண்களே என்ற காரணத்தைச் சொல்லி, பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கச் சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994-இல் போப் இரண்டாம் ஜான் பால் முடிவு கட்டிவிட்டார்.

வாசகர்களே, கவனித்துப் பாருங்கள். புத்தகம் ஒன்று, ஊர் ஒன்று, கடவுளும் ஒன்று என்கிறார்கள். ஆனால் ஒரு தெருவில் பெண் பிஷப்பாகலாம். இன்னொரு தெருவில் குருவாகக்கூட ஆகக்கூடாது. அப்படியானால் இதைத் தீர்மானித்தது புத்தகமா? புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கின்ற மனிதர்களா?

"வசனத்தை வசனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது" என்கின்ற பழமைக்காரரை முதலில் எடுத்துக்கொள்ளுவோம். இவர் பிடிவாதக்காரரானாலும் நேர்மையானவர் என்று பலர் நினைக்கிறார்கள். இவராவது உண்மையில் அப்படி நடக்கிறாரா? அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தில், மற்ற ஜாதியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் ரத்தம் உண்ணக்கூடாது என்று அப்போஸ்தலர்களே கூடித் தீர்மானம் செய்திருக்கிறார்கள். ஆட்டு ரத்தப் பொரியல் உண்ணுகின்ற கிறிஸ்தவர் நம் ஊரில் இல்லையா? பெண்கள் பொன்னாலும் முத்தாலும் அலங்கரித்துக்கொள்ளக்கூடாது என்று அதே தீமோத்தேயு நிருபத்தில் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு பெந்தெகொஸ்தே சபைச் சகோதரிகள் பலர் காதில் கழுத்தில் இருந்ததையெல்லாம் கழற்றி வைத்துவிட்டார்கள். பக்கத்துக் கோயில் அம்மையாரோ வைரத்தோடும் இரட்டைவடச் சங்கிலியுமாக முதல் வரிசையில் உட்கார்ந்து அதே அதிகாரத்தைக் கேட்கிறார். "அது அந்தக் காலத்துக்குச் சொன்னது" என்று பாதிரியார் அவருக்குச் சமாதானம் சொல்லிவிடுகிறார். நகை விஷயத்தில் "அந்தக் காலத்துக்குச் சொன்னது" என்பவர், அதற்கு இரண்டொரு வரி தள்ளிப் பெண் வாய் திறக்கக்கூடாது என்று வருகின்றபோது "எந்தக் காலத்துக்கும் சொன்னது" என்று திருப்பிவிடுகிறார். இதுவும் வியாக்கியானமே அல்லாமல் வேறென்ன? ஆகையால் வியாக்கியானம் செய்யாத கிறிஸ்தவர் எவருமில்லை. தமக்கு அசௌகரியமானதை ஒதுக்கிவிட்டு, பிறருக்கு அசௌகரியமானதை மாத்திரம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுகிறவருக்கே பழமைக்காரர் என்று பெயர்.

இனி, "புதுப் பொருள் காண வேண்டும்" என்கின்ற சீர்திருத்தக்காரரிடம் வருவோம். இவர் நல்லவர், நமக்குப் பக்கத்தில் வருகிறவர். ஆனாலும் இவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. புதுப்பொருள் என்றைக்காவது மனிதனுக்கு முன்னால் நடந்து வழிகாட்டி இருக்கிறதா? எல்லாம் முடிந்த பிறகு பின்னால் ஓடிவந்து "நானும் இதைத்தான் சொன்னேன்" என்று சொல்லி இருக்கிறதா?

யோசுவா புத்தகம் 10-ஆம் அதிகாரத்தில், யுத்தம் முடிகிறவரை சூரியன் நகராமல் நின்றது என்று கதை வருகிறது. இப்படிப்பட்ட வசனங்களைக் காட்டித்தான், பூமி சுற்றுகிறது என்று சொன்ன கலீலியோவை 1633-இல் மண்டியிட வைத்து, சொன்னதை மறுக்கச் செய்தார்கள். சாகிறவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள். 1992-இல் போப் இரண்டாம் ஜான் பால், அன்றைய வேத பண்டிதர்கள் தவறிவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டார். இடையில் 359 வருஷம். பூமி இந்த வியாக்கியானத்துக்காகக் காத்திருக்கவில்லை; அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அடிமை வியாபாரத்தைப் பாருங்கள். அடிமைகள் எஜமானர்களுக்குப் பயந்து நடுங்கிக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் நிருபம் 6-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அடிமையென்றும் சுயாதீனனென்றும் வித்தியாசமில்லை என்று கலாத்தியர் நிருபம் 3-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. முன்னதை அமெரிக்கத் தோட்ட முதலாளி படித்தான். பின்னதை அடிமை ஒழிப்புக்காரன் படித்தான். அடிமை வைத்திருக்கிறவன் மிஷனரியாகலாமா என்ற தகராறில் 1845-இல் தெற்கு மாகாண பாப்டிஸ்டுகள் தனிச் சபையாகவே பிரிந்துபோனார்கள். அந்தச் சபை அதற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது 1995-இல். அடிமைக்கு விடுதலை வந்ததோ அதற்கு 130 வருஷத்துக்கு முன்னாலேயே. அது யுத்தத்தாலும் சட்டத்தாலும் வந்ததே தவிர வியாக்கியானத்தால் வந்ததல்ல.

இதற்கு நேர்மாறான விஷயம் ஒன்றும் உண்டு. வட்டி வாங்குவது பாவம் என்று பழைய ஏற்பாட்டில் பல இடத்தில் இருக்கிறது. 1179-இல் கூடிய லாத்தரன் சங்கம், வட்டித் தொழில் செய்கிறவனுக்குக் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம்கூடக் கிடையாது என்று தீர்மானித்தது. 1745-இல்கூட ஒரு போப் வட்டியைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். ஆனால் வியாபாரமும் பாங்கியும் வளர வளர, "வசனம் கண்டித்தது அநியாய வட்டியைத்தான், நியாய வட்டியை அல்ல" என்ற புதுப்பொருள் சந்தடி இல்லாமல் நுழைந்துவிட்டது. இன்று சபைகளின் பணமே பாங்கியில் வட்டிக்குக் கிடக்கிறது. லேவாதேவித் தொழிலில் பேர்பெற்ற நகரத்தார் சமூகத்தில் பிறந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பெயரைக் கொண்ட இந்த ராஜா அண்ணாமலைபுரத்தில் எந்தப் பாதிரியாராவது வட்டிக்கு எதிராகப் பிரசங்கம் செய்து யாராவது கேட்டதுண்டா? பணக்காரனுக்கு வேண்டிய புதுப்பொருளுக்கு இரைச்சலும் இல்லை, சபை பிளவுபடுவதும் இல்லை. அடிமைக்கும் பெண்ணுக்கும் தீண்டாதவனுக்கும் வேண்டிய புதுப்பொருள் என்றால்தான் "வேதத்தைத் தொடாதே" என்ற கூக்குரல் கிளம்புகிறது. இதிலுள்ள சூட்சுமத்தை வாசகர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

நிற்க. நம் நாட்டுக்கே உரிய ஜாதி விஷயத்துக்கு வருவோம். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி என்ற பாதிரியார், ஜாதி என்பது மத விஷயமல்ல, உலக வழக்கம்தான் என்று வியாக்கியானம் செய்தார். பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் போப்பும் அனுமதி கொடுத்தார். சுமார் இருநூறு வருஷம் கழித்து, 1833-இல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஜாதியை உடனே, அடியோடு விட்டொழிக்க வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்கு உத்தரவு போட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் இருந்த உயர்ஜாதிக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்துக் கோயிலை விட்டே வெளியேறினார்கள். நொபிலி கையிலும் பைபிள். வில்சன் கையிலும் பைபிள். வெளியேறினவர்கள் கையிலும் அதே பைபிள்தான்.

திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் உயர்ஜாதியாருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று கால்சட்டையைப்போல இரண்டு கால் வைத்து ஒரு கோயிலே கட்டினார்கள். பூசை செய்கின்ற இடம் ஒன்று. கும்பிடுகின்ற இடம் இரண்டு! 1910-இல் அந்தத் தடுப்பை அங்கிருந்த பாதிரியார் இடித்துத் தள்ளினார். "எங்கள் பாத்தியதை போச்சு" என்று உயர்ஜாதியார் கோர்ட்டுக்குப் போய், சென்னை ஹைக்கோர்ட்டு வரையில் ஏறித் தோற்றார்கள். அந்தச் சுவரைத் தள்ளியது கடப்பாரை. திரும்ப எழாமல் தடுத்தது கோர்ட்டுத் தீர்ப்பு. வியாக்கியானமோ இரண்டு கட்சிக்கும் வேலை செய்துகொண்டிருந்தது.

அதோடு முடிந்ததா? 2008-ஆம் வருஷம் மார்ச்சு மாதம், அப்போது விழுப்புரம் ஜில்லாவில் இருந்த எறையூரில், தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதன்மேல் கலகம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இரண்டு பேர் மாண்டார்கள். திருச்சி மேலப்புதூரில் செத்தவர்களைக்கூடப் பிரித்து வைக்கின்ற கல்லறைச் சுவர் ஊரறிந்த சங்கதி. ஜாதி பாராட்டுவது பாவம் என்று இந்தியக் கத்தோலிக்கப் பிஷப்புகளே பலமுறை எழுதிவிட்டார்கள். 2016-இல் தலித் முன்னேற்றத்துக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டார்கள். பொருள் சரியாகத்தான் சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் பொருள் சொல்லுவதனால் சுவர் விழுவதில்லை.

பெண்கள் விஷயமும் இப்படித்தான். 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டப்படி கிறிஸ்தவப் புருஷன், மனைவி சோரம் போனாள் என்று மட்டும் காட்டினால் போதும். மனைவியோ, புருஷன் சோரம் போனான் என்று காட்டினால் போதாது. அதோடுகூடக் கொடுமை செய்தான், அல்லது இரண்டு வருஷம் கைவிட்டு ஓடினான் என்பதுபோல் இன்னொரு குற்றத்தையும் ருஜுப்படுத்த வேண்டும். சோரத்துக்கு உடந்தையானவனிடம் புருஷன் நஷ்ட ஈடு கேட்கலாம் என்றுகூட அச்சட்டத்தில் இருந்தது. மாட்டைத் திருடினவனிடம் மாட்டுக்காரன் கேட்பதுபோல! இந்த அநியாயம் 2001-இல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்துகிறவரை 132 வருஷம் நடந்தது. திருவிதாங்கூரில் 1916-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது! மேரி ராய் என்ற அம்மையார் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் 1986-இல் அதை ஒழித்தார். அவர் நம்பிப் போனது நியாயத்தை. வேதபண்டிதர்களின் புதுப்பொருளுக்காக அவர் காத்திருந்தால் இன்னும் காத்துக்கொண்டே இருந்திருப்பார்.

"அப்படியானால் புது வியாக்கியானமே கூடாது என்கிறீர்களா? நீங்களும் பழமைக்காரர் கட்சிதானா?" என்று கேட்கலாம். அல்லவே அல்ல. ஒரு பாதிரியார் வசனத்துக்குப் புதுப்பொருள் சொல்லி ஒரு பெண்ணுக்கு உரிமை கொடுத்தால், ஒரு கல்லறைச் சுவரை இடித்தால், அவரை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆனால் அவருடைய முறையில் ஓர் அபாயம் இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. வசனத்தின் பலத்தால் வந்த உரிமையை நாளைக்கு வேறொரு வசனத்தின் பலத்தால் இன்னொருவன் பிடுங்கிக்கொள்ளுவான். ஏனென்றால், "புத்தகம் சொன்னால்தான் நியாயம்" என்ற அஸ்திவாரத்தை அவர் தொடவில்லை. மேல்மாடிக்குச் சுண்ணாம்பு மாத்திரம் அடித்திருக்கிறார்.

இது கிறிஸ்தவருக்கு மட்டும் சொல்லுகின்ற புத்தியல்ல. வர்ணம் என்றால் பிறப்பல்ல, குணமும் தொழிலும்தான் என்று கீதைக்குப் புதுப்பொருள் சொன்ன இந்துச் சீர்திருத்தக்காரர்கள் எத்தனை பேர்! அந்தப் பொருளால் ஒரு சேரியாவது ஊரோடு சேர்ந்ததா? 1936-இல் லாகூர் மாநாட்டில் படிக்க விடாமல் தடுக்கப்பட்டுப் பிறகு புத்தகமாக வந்த பிரசங்கத்தில் டாக்டர் அம்பேத்கர் இதையே எடுத்துக் காட்டினார். சாஸ்திரத்துக்குப் பண்டிதர் என்ன நுட்பப் பொருள் சொன்னாலும் பயனில்லை. ஜனங்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டு நடக்கிறார்களோ அதுவே அதன் பொருள். ஆகையால் சாஸ்திரத்தின் அதிகாரத்தையே மறுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். இந்த வாதத்தில் "சாஸ்திரம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "பைபிள்" என்று வைத்தாலும், "குரான்" என்று வைத்தாலும் பலம் குறைவதில்லை.

மேலும், கடவுள் வாக்கு மாறாது என்கிறவர்கள் தங்கள் தமிழ்ப் பைபிளின் சரித்திரத்தையாவது பார்க்கக்கூடாதா? 1715-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். பிறகு பப்ரீஷியஸ் திருத்தினார். பிறகு பவர் தலைமையில் ஒரு கமிட்டி திருத்தியது. 1995-இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தது. சருவேசுரன் என்றும், பராபரன் என்றும், தேவன் என்றும், கடவுள் என்றும் ஆண்டவன் பெயரே இந்த மூன்று நூற்றாண்டில் மாறிமாறி வந்திருக்கிறது. ஆண்டவனை என்ன பெயரால் கூப்பிடுவது என்பதையே கமிட்டியில் உட்கார்ந்து விவாதித்துத் தீர்மானித்தவர்கள், பெண்ணை எப்படி நடத்துவது என்பதை அறிவைக்கொண்டு தீர்மானிக்கக்கூடாதா?

ஆதலால் கிறிஸ்தவத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். ஒரு வசனம் அநியாயமாக இருக்கிறது என்று உங்கள் மனசாட்சிக்குப் பட்டால், "இதற்கு உள்ளர்த்தம் வேறு" என்று சொல்லி மூடி மெழுகாதீர்கள். "இதை எழுதினவன் அந்தக் காலத்து மனிதன், அவன் நாட்டில் அடிமை இருந்தது, பெண்ணுக்கு மதிப்பில்லை, அதனால் இப்படி எழுதினான், இது தப்பு, நாங்கள் இதைத் தள்ளுகிறோம்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எது நல்ல வசனம், எது கெட்ட வசனம் என்று பொறுக்கி எடுக்கின்றபோது நீங்கள் உபயோகப்படுத்துகின்ற தராசு எது? பைபிளையே பைபிளால் நிறுக்க முடியாது. நிறுப்பது உங்கள் அறிவும், மனிதனுக்கு மனிதன் காட்டுகின்ற இரக்கமும்தான். தராசு உங்கள் கையிலேயே இருக்கும்போது அதை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

சாந்தோம் என்ற ஊர்ப்பெயர் தோமா என்ற அப்போஸ்தலர் பெயரால் வந்தது. அவர் இங்கு வந்தார் என்பது கிறிஸ்தவர்களின் பாரம்பரியம். அது சரித்திரமா, கதையா என்ற ஆராய்ச்சி இப்போது நமக்கு வேண்டாம். ஆனால் அவருடைய குணம் என்னவென்று யோவான் எழுதிய சுவிசேஷத்திலேயே இருக்கிறது. கூட இருந்தவர்கள் எல்லோரும் சொன்னபோதும், "காயத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டாலொழிய நம்பமாட்டேன்" என்ற கருத்தில் பேசிய ஆள் அவர். சென்னைக் கிறிஸ்தவர்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேறென்ன வேண்டும்? வேதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதற்கு முன், யாருக்குக் காயம் பட்டிருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். கல்லறையிலும் பிரிக்கப்பட்டவனுக்கும், சபையில் வாயடைக்கப்பட்டவளுக்கும் பட்ட காயத்தைத் தொட்டுப் பார்த்த பிறகு, எந்த வசனத்தை வைத்துக்கொள்ளுவது, எந்த வசனத்தைத் தள்ளுவது என்று உங்களுக்கு எந்தப் பாதிரியாரும் வந்து வியாக்கியானம் செய்யவேண்டி இருக்காது.